மாதிரி வீடு

பச்சைத் தொப்பி ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு புருஷன் கொல்லைப்பக்கம் வந்து நின்றபோது, அவள் அண்டாவில் கொதிக்கும் ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தடியால் அமுக்கிக்கொண்டிருந்தாள். தொப்பியில் ஒரு துளித் தண்ணீரும் இரண்டு இலையும் வரைந்திருந்தது. அந்த ஊரில் அவை இரண்டையும் படத்தில் பார்த்தால்தான் உண்டு என்பதால் அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தடியை மறுபடி அமுக்கினாள்.

"நம்ம வீட்டை எடுத்திருக்காங்க," என்றான்.

"எங்க கொண்டுபோறதுக்கு?"

"கொண்டுபோறதுக்கு இல்லடி. மாதிரி வீடா எடுத்திருக்காங்க. மழைநீர் சேகரிப்பு, பச்சை மாடி எல்லாம் நம்ம வீட்டுலதான் செஞ்சு காட்டப் போறாங்க. தெருவுல இருக்கிற அத்தனை வீட்டுலயும் நம்ம மாடிதான் பெருசு."

நீலத் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தித் தலையணை உறைகளை அலசிக்கொண்டிருந்த நாத்தனார் தலையைத் தூக்கினாள். "மாதிரி வீடுன்னா எப்படிண்ணே, வீடு மாதிரி இருக்குமா?"

சாயங்காலத்துக்குள் அந்தக் கேள்வி தெருக்கோடி வரை போய்விட்டது. கட்டிக்கொடுத்த வீட்டில் கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டவள் நாத்தனார். வரும்போது கொண்டுவந்த ஒரே சொத்து வாய்தான் என்று அவளே சொல்லிக்கொள்வாள். மறுநாள் முதல் தெருவில் அவனுக்குப் பெயரே 'மாதிரி' ஆகிவிட்டது. மாதிரி வர்றாரு, மாதிரி போறாரு. அவன் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டான்.

வகுப்பு நடந்தது பள்ளிக்கூடத்து மண்டபத்தில், விளக்கு வைக்கிற நேரத்தில். வறண்ட ஊர்களில் மழையைப் பிடித்து வைப்பது எப்படி, மண்ணுக்குள் இறக்குவது எப்படி, மாடியில் செடி வளர்த்து வீட்டைக் குளிர வைப்பது எப்படி என்று திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். இடையில் டீயும் பன்னும் உண்டு. வேலைவெட்டி உள்ளவர்கள் யாரும் போகவில்லை. அவன் முதல் நாளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தான்.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவன் போர் போடுகிற வண்டியில் வேலை பார்த்தவன். பத்துப் பன்னிரண்டு வருஷம் பூமியை ஓட்டை ஓட்டையாகத் துளைத்து, இருந்த தண்ணீரை எல்லாம் மேலே இழுத்துவிட்டு, கடைசியில் எங்கே துளைத்தாலும் புகைமாதிரி புழுதி மட்டும் வர ஆரம்பித்ததும் வண்டியை முதலாளி வேறு ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இவன் வீட்டில் தங்கிவிட்டான். உறிஞ்சினவர்களே வரிசையாக உட்கார்ந்து, பூமிக்குத் தண்ணீர் ஊட்டுவது எப்படி என்று பன் தின்றுகொண்டே படிக்கிறார்கள் என்று அவள் ஆஸ்பத்திரி வண்டிக்காரரிடம் சொன்னாள். வண்டிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் அந்த வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பயிற்சி கொடுக்க வந்தவருக்குத் தெரு வைத்த பெயர் சரிவு. எதைக் கேட்டாலும் சரிவில் கொண்டுபோய்த்தான் நிறுத்துவார். தண்ணி சரிவைப் பார்க்கும், நாம சரிவைப் பார்க்கணும். எங்கேயோ மழை பெய்கிற ஊரிலிருந்து வந்தவர். பையில் எப்போதும் ஒரு மடக்குக் குடை இருந்தது. வருஷக்கணக்கில் யாரும் குடை விரிக்காத ஊரில் அதைப் பார்க்கவே சிறுபிள்ளைகள் அவர் பின்னால் போனார்கள்.

சரிவு மாடிக்கு ஏறிப் பார்த்தார். மாடி முழுக்க இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் கொடிக்கயிறு. அதில் ஆஸ்பத்திரியின் வெள்ளை விரிப்புகள். அவர் ஒவ்வொன்றாக விலக்கி விலக்கி நடுவே வந்து நின்று, இது எதுவும் இருக்கக் கூடாது என்றார். மழை விழுகிற தளம் சுத்தமாக இருக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் சொட்டக் கூடாது, சோடா படக் கூடாது, வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலம் கூடவே கூடாது.

"காயப்போடுறது எங்க சார்?" என்று அவள் கேட்டாள்.

"அதுக்கு எல்லாரும் கலந்து பேசி ஒரு தீர்வு எடுக்கலாம் மேடம்."

"எப்ப எடுக்கலாம்?"

"பயிற்சி முடிஞ்சதும்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் மாடியின் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நிறைந்த மண்டபத்தில் கையைத் தூக்கி, வருஷக்கணக்குக்கு இந்த மாடியைத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவள் ஒன்றும் விவரமில்லாதவள் இல்லை. மழைத் தண்ணீரில் சோப்பு எப்படி நுரைக்கும் என்று அவளுக்குத் தெரியும். லாரித் தண்ணீரில் பாதி சோப்பு நுரைக்கும் முன்னே செத்துப்போகும். சுவரோரம் கொண்டுவந்து வைத்த கறுப்புத் தொட்டியை யாரும் பார்க்காதபோது தட்டிக்கூடப் பார்த்தாள். ஆனால் துவைக்கத் தண்ணீர் தருகிறேன் என்று சொல்லிக் காயப்போடுகிற இடத்தைப் பிடுங்கிக்கொள்பவர்களை என்ன செய்வது? அதுவும் அந்தத் தண்ணீர் இன்னும் வானத்தில்தான் இருக்கிறது. அங்கேயும் இருப்பதாகத் தெரியவில்லை.

கொடிக்கயிறுகளை அவிழ்த்தார்கள். மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஒரு மூலையில் தடித்த இலையுள்ள செடிகளை மண்சட்டிகளில் வைத்தார்கள். வீட்டு முகப்பில் பெயர்ப்பலகை மாட்டினார்கள். அவளும் நாத்தனாரும் ஈர விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்புறத்துக் காலி மனைக்குப் போனார்கள். அங்கே முள்செடியும் புழுதியும் எவனோ வளர்க்கும் ஆடுகளும் இருந்தன. காற்று அடித்தால் ஊரின் மண் முழுக்க விரிப்பில் வந்து ஒட்டும். உதறினால் பாதி போகும். மீதி ஆஸ்பத்திரிக்குப் போகும்.

ஒரு நாள் அனுப்பிய துணி மூட்டையோடு திரும்பி வந்தது. துணி அறையைப் பார்த்துக்கொள்கிற அம்மா அவளை வரச் சொல்லியிருந்தார். அதிர்ந்து பேசாத மனுஷி. மேசைமேல் ஒரு தலையணை உறையை விரித்து, நடுவில் இருந்த குளம்புத் தடத்தைக் காட்டினார்.

"இது யாரோட கால்?"

அவள் அதை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"புண்ணு மேல போர்த்துற துணிம்மா இது. உன் கைவேலை எனக்குத் தெரியும், அதனாலதான் கூப்பிட்டுச் சொல்றேன். இன்னொரு தடவை இப்படி வந்தா நான் வேற ஆளைப் பார்த்துக்குவேன். அப்புறம் என்கிட்ட வந்து நிக்காத."

ஆஸ்பத்திரி போனால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. தெருவில் யாரும் காசு கொடுத்துத் துவைப்பதில்லை. தண்ணீருக்கே கொடுக்க முடியவில்லை. வீட்டில் மூன்று வாயும் அந்த வெள்ளைத் துணியை நம்பித்தான் இருந்தன. அதில் ஒரு வாய் வெட்டிப்பேச்சுக்கும் ஒரு வாய் பன்னுக்கும் என்று ஆனபிறகு, நம்பிக்கைக்கு உரியது அவளுடைய இரண்டு கை மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். அவன் தொப்பியைக் கழற்றித் தொடைமேல் வைத்துக்கொண்டு கேட்டான். வெளியூரிலிருந்து பணம் கொடுக்கிறவர்கள் பார்க்க வருகிறார்கள், அது முடியட்டும், சரிவு சாரிடம் பேசுகிறேன் என்றான்.

"பேசுங்க. சரிவா பாத்துப் பேசுங்க," என்று நாத்தனார் எடுத்துக்கொடுத்தாள்.

விருந்தாளிகள் வருகிற அன்று காலையில் அவள் சொல்லிவைத்திருந்த தண்ணீர் லாரி வந்தது. மூட்டை மூட்டையாக அழுக்குத்துணி கொல்லையில் காத்துக்கிடந்தது. லாரிக்காரர் குழாயை இறக்கியதும் அவள் தொட்டி மூடியைத் திறந்தாள். ஆனால் குழாய் அவள் பக்கம் வரவில்லை. புருஷன் அதன் முனையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான்.

மழை இல்லாமல் மழைநீர் சேகரிப்பை எப்படிக் காட்டுவது? சரிவு யோசித்து வைத்திருந்தார். மேலே லாரித் தண்ணீரை விட்டால் மாடியில் ஓடிக் குழாய் வழியாக இறங்கும். கீழே பிடித்துக் காட்டலாம். வடிகட்டிப் பீப்பாயில் மணலும் கரியும் போட்டிருந்தால் சொட்டுச் சொட்டாகத்தான் விழும், விருந்தாளிகளுக்கு அவ்வளவு நேரமில்லை. ஆகவே அதையும் காலி செய்து வைத்திருந்தார்கள். தண்ணீரைச் சேமிப்பது எப்படி என்று காட்டுவதற்காக, தெருவே குடம் வைத்துக்கொண்டு பார்த்து நிற்க, ஒரு லாரித் தண்ணீர் மொட்டை மாடியில் கொட்டப்பட்டது. அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். திட்டுவதற்குக்கூட அவர்களுக்குத் தகுதி இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

விருந்தாளிகளில் பெரியவராகத் தெரிந்த அம்மாள் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். குழாய்க்கு அடியில் ஒரு கண்ணாடிக் கூஜா. மேலே சளசளவென்று ஓடும் சத்தம். குழாய் ஒரு தடவை இருமியது. பிறகு தண்ணீர் வந்தது. நல்ல நீலமாக வந்தது.

வருஷக்கணக்காக விரிப்புகளிலிருந்து சொட்டிய நீலம் எல்லாம் மாடியின் ஓரத்து வாய்க்காலில் படிந்து கிடந்தது. தளத்துக்குச் சுண்ணாம்பு அடித்தவர்கள் வாய்க்காலுக்கு அடிக்கவில்லை. கண்ணில் படாத இடம்.

சரிவின் முகத்தில் ஈயாடவில்லை. குடத்தை இடுப்பில் வைத்திருந்த நாத்தனார்தான், பக்கத்தில் நின்றவளிடம் சொல்வதுபோல ஊருக்கே கேட்கச் சொன்னாள்: "மேல இருந்து வர்றதுல்ல. வானத்துக்குச் சாயம் போகுது."

தெரு சிரித்தது. கறுப்புக் கண்ணாடி அம்மாள் கூஜாவைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார். இது குடிக்கத் தகுந்ததுதானா என்று மெல்லக் கேட்டார். அப்போது புருஷன் முன்னால் வந்தான். குழாய்க்கு அடியில் உள்ளங்கையைக் குழித்துப் பிடித்து, வாயில் ஊற்றி, கண்ணை மூடி விழுங்கினான்.

"இனிப்பு," என்றான்.

விருந்தாளிகள் கை தட்டினார்கள்.

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். போர் வண்டியில் தண்ணீர் பீறிட்டு வந்ததும் நிலத்துக்காரர் வாயில் வைத்துப் பார்க்கப் பயந்து நிற்பார். வண்டியில் வேலை பார்ப்பவன்தான் சேறும் தண்ணீருமாகக் கையில் ஏந்திக் குடித்துச் சொல்ல வேண்டும். உப்போ, கசப்போ, வாயில் வைக்க முடியாததோ, அவன் சொல்லுவது ஒரே வார்த்தை. வண்டி அந்த நிலத்தை விட்டுக் கிளம்புகிறவரை நிலத்துக்காரர் முகம் மலர்ந்திருக்க வேண்டும். உண்மை தெரிகிறபோது வண்டி எங்கோ போயிருக்கும். கல்யாணமான புதிதில் அவன் இதை நடித்துக்காட்டி இருக்கிறான். கண்ணை மூடுவது, தொண்டை ஏறி இறங்குவது எல்லாம் இதேதான். அப்போது அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். இப்போது வண்டியும் இல்லை, கிளம்பிப் போக இடமும் இல்லை. சொன்ன பொய்யின் மேலேயே குடியிருக்கிறான்.

விருந்தாளிகள் போனதும் அவன் கொல்லையில் வந்து துப்பினான். நாக்கு, உதடு எல்லாம் நீலம். அவள் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"இந்தாங்க. இதாவது வெள்ளையா இருக்கு. வாயைக் கொப்பளிங்க."

வாங்கிக் கொப்பளித்தான். அவள் காலிச் செம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று பகல் முழுக்க அவளும் நாத்தனாரும் வீடு வீடாகக் குடம் குடமாகக் கடன் வாங்கித் துவைத்தார்கள். பொழுது சாயும் முன்னே கொடிக்கயிற்றுக் கட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் மாடி ஏறினாள். வெள்ளைத் தளத்தின் மேல் செருப்புக்காலோடு நடந்து, சுவரின் பழைய கொக்கிகளைத் தேடிக் கயிற்றை இழுத்துக் கட்டினாள். இரண்டு கயிறு கட்டியதும் அவன் ஏணிப்படியில் தலை காட்டினான்.

"வாக்குக் குடுத்திருக்கேன்," என்றான்.

"யாருக்கு?"

"எல்லார் முன்னாடியும் கையைத் தூக்கியிருக்கேன்."

"தூக்குனீங்க. தூக்குன கையால என்னைக்காவது ஒரு ஈரத்துணி புழிஞ்சிருக்கீங்களா?"

அவன் ஏணியிலேயே நின்றான். மேலே வரவும் இல்லை, கீழே போகவும் இல்லை. "வண்டியை விட்டு இறங்கினதுலேர்ந்து எவன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கான், சொல்லு? உனக்கு ஆஸ்பத்திரி இருக்கு. தங்கச்சிக்கு வாய் இருக்கு. எனக்கு என்ன இருக்கு? அங்க நாற்காலி போட்டு உக்காரச் சொல்றாங்க. நீங்க சொல்லுங்க சார்னு கேக்கறாங்க. போர்க் குழியை மூடாம அதுக்குள்ளயே மழையை இறக்கலாம்னு நான்தான் சொன்னேன். போர்டுல எழுதுனாங்க."

"சார்னு கூப்பிட்டாங்கன்னு ஒரு லாரித் தண்ணியைத் தூக்கிக் குடுத்தீங்க. ஐயான்னு கூப்பிட்டா என்னையும் குடுத்துடுவீங்களா?"

அவள் மூன்றாவது கயிற்றைக் கட்டினாள்.

"நாளைக்கு மத்தியானம் வண்டி வரும்," என்றாள், திரும்பிப் பார்க்காமல். "ஒரு தூசி இல்லாம ஏத்தி அனுப்பலேன்னா அந்தம்மா வேற ஆளைப் பார்த்துக்குவாங்க. அப்புறம் உங்க நாற்காலியிலதான் மூணு பேரும் உக்காரணும்."

கொஞ்ச நேரம் கழித்து ஏணி கிறீச்சிட்டது. அவன் இறங்கிப் போய்விட்டான்.

மறுநாள் காலை சரிவு வந்து பார்த்தபோது மாடி நிறைய விரிப்புகள் தொங்கின. சண்டைக்குத் தயாராக அவள் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டாள். சரிவு தரையைத் தொட்டுப் பார்த்தார். விரிப்பின் நிழல் விழுந்த இடத்தையும் வெயில் விழுந்த இடத்தையும் மாறி மாறித் தொட்டார். முகம் மலர்ந்தது.

"அருமை மேடம். நிழல் விரிப்பு."

"எது சார்?"

"இதுதான். தளத்தோட சூட்டைக் குறைக்குது. செலவில்லாத உத்தி. இன்னைக்கு அடுத்த ஊர் குழு பார்க்க வருது. இதை அப்படியே வச்சிருங்க."

நேற்று வரை அழுக்கு, இன்று உத்தி. ஒரு விரிப்பும் இடம் மாறவில்லை, பெயர்தான் மாறியிருந்தது. மாடி திரும்பக் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவதா, இதுகளுக்கா இவ்வளவு நாள் பயந்தோம் என்று வெட்கப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த ஊர்க் குழு மத்தியானத்துக்குச் சற்று முன் வந்து சேர்ந்தது. எல்லோர் தலையிலும் அதே தொப்பி. புருஷன் கையில் ஒரு குச்சியோடு விரிப்புகளுக்கு நடுவே நின்று விளக்க ஆரம்பித்தான். நன்றாகத்தான் பேசினான். கீழே ஆஸ்பத்திரி வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் மணியை அடித்தார். நாத்தனார் உறை மூட்டைகளைக் கட்டி ஏற்றிக்கொண்டிருந்தாள். அந்த வேலையை அவளிடம் விட்டுவிட்டு இவள் மாடிக்கு வந்து, காய்ந்துவிட்டது, எடுக்கப் போகிறேன் என்றாள்.

"ஒரு அரைமணி நேரம் மேடம்," என்று சரிவு கும்பிடுவதுபோல் கையைக் காட்டினார். "போட்டோ எடுக்கணும்."

வண்டிக்காரர் மறுபடி மணி அடித்தார். துணி அறையைச் சாப்பாட்டு நேரத்துக்குப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் போகவேண்டும் என்று கத்தினார். அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் குச்சியின் நுனியைப் பார்த்தான்.

அவள் முதல் விரிப்பைக் கொடியிலிருந்து உருவினாள். இரண்டு ஆள் அகலமுள்ள துணி. ஒரு ஆளாக மடித்தால் அடுத்த முனை தரையில் புரளும், தரையில் சுண்ணாம்பு. ஒரு ஓரத்தை மோவாயில் இடுக்கிக்கொண்டு, கையை விரித்து, எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். காற்று அதை அவளிடமிருந்து இழுத்தது. மறுமுனை கீழே சரிந்தது.

"இந்த நிழல் விரிப்பு வந்து..." என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.

குச்சி கீழே விழுந்தது. விரிப்பின் முனை தரையைத் தொடும் முன்னே அவன் கையில் இருந்தது. பிடித்துவிட்டானே தவிர, பிடித்ததை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான்.

"கைக்குக் கை. ரெண்டு மூலையையும் தூக்குங்க," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "அந்தப் பக்கம் இல்ல. உள்பக்கம் உள்ள போகணும். இப்ப இழுங்க. இழுத்து உதறுங்க. வாங்க எங்கிட்ட."

அவன் வந்தான். மூலையோடு மூலை சேர்ந்தது. அவள் அவன் கையிலிருந்து வாங்கி மடித்துப் போட்டுவிட்டு அடுத்ததை உருவினாள். தொப்பிக்காரர்கள் கை தட்டினார்கள். பயிற்சியின் அடுத்த பகுதி இது என்று நினைத்துவிட்டார்கள்.

அவள் நின்று அவர்களை ஒரு பார்வை பார்த்தாள். தலைக்குத் தொப்பி, பாதத்துக்கு ஷூ, நடுவில் இருக்கிற இரண்டு கைக்கும் வேலையில்லை.

"தட்டுற கை சும்மாதானே இருக்கு," என்றாள். "ரெண்டு ரெண்டு பேரா வாங்க. கீழ விடக்கூடாது. விட்டா அவங்கவங்க துவைச்சுக் குடுத்துட்டுப் போகணும்."

வந்தார்கள். ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் இரண்டு இரண்டு பேராக வந்து விரிப்பைப் பிடித்தார்கள். ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள், தலைகீழாக மடித்தார்கள், அவள் அதட்டியதும் பிரித்து மறுபடி மடித்தார்கள். சரிவுக்கு ஜோடி இல்லை. அவரை ஏணியோரம் நிற்கவைத்து, மடித்த துணிகளைக் கீழே நாத்தனாரிடம் இறக்கும் வேலையைக் கொடுத்தாள். கீழேயிருந்து நாத்தனார், சரிவுல வருது சார், பாத்து விடுங்க என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கொடிகள் காலியாகிக்கொண்டே வந்தன. குழுவில் கண்ணாடி போட்ட ஒருவர் கையிலிருந்த விரிப்பை மார்போடு அணைத்தபடி அவளிடம் வந்து பணிவாகக் கேட்டார்.

"மேடம், இந்தப் பயிற்சிக்கு என்ன பேரு?"

"வேலை," என்றாள்.

அவர் தலையசைத்து அதை மனசில் வைத்துக்கொண்டு போனார். விரிப்பின் அந்த முனையில் நின்றிருந்த அவள் புருஷன் மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். பிடித்திருந்த துணியில் அந்தக் குலுக்கல் ஓடிவந்து அவள் விரல்வரை வந்தது.

"சிரிக்காமப் பிடிங்க," என்றாள். "மடிப்பு மாறுது."